கப்பித்தானைக் கூப்பிடும் குரல்

விளக்கு வைக்க இன்னும் கொஞ்ச நேரம் இருக்கும்போதே சீனித்தாய் கடைப்பலகைகளில் பாதியைச் சாத்திவிடுவாள். கருப்பட்டிப் பெட்டியை ஓலைத் தட்டால் மூடுவாள். கொல்லைப்புறம் போய்க் கதவைத் தாழ் போடுவாள். கொடியில் கிடக்கும் பழைய துண்டை எடுத்து ஆம்பிளை மாதிரி தலையில் முண்டாசு கட்டிக்கொள்வாள். அப்புறம் இரண்டு வாய் சுக்குத் தண்ணீர். தொண்டையைக் கனைத்துச் சரிசெய்துகொண்டு, அடிவயிற்றிலிருந்து ஒரு குரலைக் கிளப்புவாள். நாக்கு மேலண்ணத்தில் இரண்டு தட்டுத் தட்டும், அதன் பின்னாலேயே வரும்: "கப்பித்தானே... ஹோய்!"

சுவருக்கு அந்தப் பக்கம் புது ஆள் யாராவது நடந்து போனால், உள்ளே நல்ல உடம்புக்காரன் ஒருவன் எவனையோ அதட்டுகிறான் என்று எண்ணிக்கொண்டு போவான். தெருக்காரர்களுக்கு விஷயம் தெரியும். சீனித்தாய்க்கு முப்பத்திரண்டு வயது. ஒல்லி உடம்பு. மற்ற நேரங்களில் அவள் பேசுவது எதிரே நிற்பவருக்கே பாதிதான் காதில் விழும். கருப்பட்டி வாங்க வருகிறவர்கள், "என்னளா, வாய்க்குள்ளயே பேசுத?" என்று கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்கள்.

வேப்பமரத்தடியில் கட்டிக் கிடக்கும் கிடாவுக்கு அந்த ஒரு குரல் போதும். வேம்பூர்ப் பொட்டுக்கிடா அது. வெள்ளை உடம்பில் செங்காவித் திட்டுகள், காதைச் சுற்றி ஒன்றரைச் சுற்றுச் சுருண்ட கொம்புகள். குரலைக் கேட்டதும் பின்னுக்கு நடக்கத் தொடங்கும். எண்ணிப் பார்த்தால் பதினான்கு எட்டு. வால் சுவரில் பட்டதும் நின்று, தலையைத் தாழ்த்தி, ஒரு மூச்சு விடும். அப்புறம் வருகிற வேகத்தைக் கண் பின்தொடர முடியாது. கிளையிலிருந்து சங்கிலியில் தொங்கும் பனந்துண்டில் நெற்றி மோதும் சத்தம் மூன்றாவது வீடு வரைக்கும் கேட்கும். மூன்றாவது வீட்டுக்காரி அந்தச் சத்தத்தை வைத்துத்தான் உலை வைக்கிறாள். தூத்துக்குடியில் எத்தனையோ வீடுகளில் கடிகாரம் இருக்கிறது; மட்டக்கடைப் பக்கத்து இந்தச் சந்தில் கப்பித்தான் இருந்தான்.

சீனித்தாயைப் பற்றித் தெருவில் ஒரு குறை உண்டு. அவள் யாருக்கும் தண்ணீர் மொண்டு கொடுக்க மாட்டாள். வெயிலில் வேர்த்து வந்து, "தாயி, ஒரு வாய் தண்ணி" என்று கேட்டால், "குடம் அங்கன இருக்கு, மொண்டு குடிங்க" என்று கையைக் காட்டுவாள். அலுமினியக் குவளை ஒன்று குடத்தின் மேலேயே கவிழ்ந்திருக்கும். சோறு போடுவாள், மோர் ஊற்றுவாள், பிரசவ வீட்டுக்கு இஞ்சியும் கருப்பட்டியும் தானே இடித்துக் கொண்டுபோய்க் கொடுப்பாள். தண்ணீர் மட்டும் கிடையாது. வீட்டுக்கு வந்தவரைத் தண்ணீர்க் குடத்துக்கு அனுப்புகிற பொம்பளை உண்டா என்று பேசிக்கொள்வார்கள். அவள் காதிலும் அது விழும். விழுந்துவிட்டுப் போகட்டும் என்று இருப்பாள்.

உள்ளே அலமாரித் தட்டில் ஒரு பித்தளைச் செம்பு இருக்கிறது. வெள்ளிக்கிழமை தோறும் புளி போட்டுத் துலக்கி, திரும்பவும் கவிழ்த்து வைத்துவிடுவாள். அதில் தண்ணீர் நிறைந்து ஐந்து வருஷமாகிறது.

அவள் புருஷன் அய்யாக்குட்டி கொழும்புக்குப் போனது நாற்பத்தொன்றாம் வருஷம் தை மாதம். அதற்கு முன்பு பஞ்சு மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் நிறுவைக்காரனாக இருந்தான். சாயங்காலம் வேலை முடிந்து, தெருமுனை திரும்பியதும் கிடாவைக் கூப்பிடுவான். கிடா கயிற்றை இழுத்துக்கொண்டு பின்னுக்குப் போகும். சீனித்தாய் செம்பில் தண்ணீர் மொண்டு வாசலுக்கு வருவாள். அவன் படியில் கால் வைக்கும்போது செம்பு அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கும். கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவன் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது இல்லை. கிடா இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பு வாசலில் நின்று இருமுவான். கிடா வந்த பிறகு இருமலுக்கு ஓய்வு கிடைத்தது. கூப்பிட்டது ஆட்டை, வந்து நின்றது பெண்டாட்டி. இதில் யாருக்கு மரியாதை, யாருக்குக் குறைச்சல் என்று அவர்கள் இரண்டு பேரும் கணக்குப் பார்த்ததில்லை. பிள்ளையில்லாத வீட்டில் அந்த ஒரு சத்தம்தான் சந்தோஷம்.

ஒரு வருஷத்தில் திரும்பிவிடுவதாகச் சொல்லித்தான் போனான். கொழும்பில் மளிகைக்கடை வைத்திருந்த சொந்தக்காரர் ஒருவர் நம்பிக்கையான ஆள் வேண்டுமென்று கூட்டிப்போனார். அடுத்த வருஷம் ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டான். முதலாளி கிடைத்த வண்டியைப் பிடித்துப் பத்தே நாளில் தூத்துக்குடி வந்து சேர்ந்தார். "கடையப் பாத்துக்கிட நம்ம அய்யாக்குட்டி இருக்கான். தங்கமான பய" என்று ஊரெல்லாம் சொன்னார். யுத்த காலத்தில் இக்கரைக்கு வந்தவன் திரும்ப அக்கரைக்குப் போக உத்தரவு வாங்குவது குதிரைக்கொம்பு. அதனால் கடையை விட்டுவர முடியாமல் தங்கமான பயல் அங்கேயே இருந்தான். முதலாளி இன்றைக்கும் காலையில் பத்திரிகை படித்துக்கொண்டு சீனித்தாய் கடை வழியாகத்தான் நடந்து போகிறார். ஒருநாள் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டார். "குடம் அங்கன இருக்கு" என்றாள். அவருக்கு மட்டும் "மொண்டு குடிங்க" கூடக் கிடைக்கவில்லை.

புருஷன் போன மறுநாளே கப்பித்தான் முட்டுவதை நிறுத்திவிட்டான். பருத்திக்கொட்டை அரைத்து வைத்தால் தின்பான். காணப்பயறு அவித்து வைத்தால் தின்பான். பனந்துண்டுக்கு முன்னால் கொண்டு நிறுத்தினால் அதை முகர்ந்து பார்த்துவிட்டுச் சும்மா நிற்பான். அய்யாக்குட்டியின் தம்பி காசிலிங்கம் வந்து கத்திப் பார்த்தான், தட்டிப் பார்த்தான், வாலை முறுக்கிப் பார்த்தான். கொம்பால் அவன் தொடையில் ஒரு தள்ளு கிடைத்ததுதான் மிச்சம். "மைனி, அண்ணன் கொரலு கேக்காம இது அசையாது. குட்டியிலேருந்து பழக்கிட்டான்லா" என்று நொண்டிக்கொண்டு போனான்.

அன்று சாயங்காலம் சீனித்தாய் கொல்லைக் கதவைத் தாழ் போட்டாள். வெட்கமாக இருந்தது. கொடியில் புருஷன் விட்டுப்போன துண்டு கிடந்தது. அதைத் தலையில் கட்டிக்கொண்டதும் வெட்கம் கொஞ்சம் விலகினாற்போல இருந்தது. முதல் தடவை வந்தது பூனை கத்தியது மாதிரி. இரண்டாம் தடவை அழுகை வந்துவிட்டது. எட்டு நாள் இப்படியே போயிற்று. ஒன்பதாம் நாள் அவளே எதிர்பார்க்காமல் குரல் அடிவயிற்றிலிருந்து எழும்பியது. கப்பித்தான் காதை நிமிர்த்தினான். ஒரு எட்டு பின்னால் வைத்தான். பிறகு இன்னொன்று. பனந்துண்டு அதிர்ந்தது. கிடா முட்டியது பெரிதில்லை. புருஷன் குரல் வீட்டை விட்டுப் போய்விடவில்லை என்று கிடா சொல்லிவிட்டது, அதுதான் பெரிது.

அதற்குப் பிறகு அந்தக் குரலை அவள் பத்திரப்படுத்தத் தொடங்கினாள். அவன் முகத்துக்குப் போட்டோ இருக்கிறது. போவதற்கு முன்பு ஸ்டூடியோவில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்று எடுத்தது. குரலுக்குப் போட்டோ கிடையாது. இருக்கிற ஒரே இடம் தன் தொண்டைதான் என்று அவளுக்குத் தெரியும். ஐஸ் போட்ட சர்பத் குடிக்க மாட்டாள். பனி விழுகிற மாதத்தில் காதை மூடிக்கொண்டுதான் வெளியே வருவாள். பாட்டுக் கச்சேரிக்காரர்கள்கூட அவ்வளவு பார்த்திருக்க மாட்டார்கள். சரியாக வருகிறதா என்று சந்தேகம் வந்தால் கேட்க ஒரே ஆள் கப்பித்தான். "அது பொய் சொல்லாது. சரியாக் கூப்புட்டா பின்னால போவும், தப்பாக் கூப்புட்டா நிக்கும்" என்பாள்.

பொங்கல் கழிந்து கரிநாள் அன்று திருநெல்வேலி ரோட்டில் புதுக்கோட்டைப் பொட்டலில் கிடாமுட்டு நடக்கும். இரண்டு கிடாக்களையும் எதிரெதிரே பிடித்து வந்து, ஒரு தடவை முகர்ந்து பார்க்கவிட்டு, கயிற்றை உருவுவார்கள். முட்டு ஒவ்வொன்றையும் கூட்டமே சத்தம் போட்டு எண்ணும். முகத்தைத் திருப்பிய கிடா தோற்றது. பொம்பளைகள் பொட்டலுக்குள் இறங்குவதில்லை. கூண்டு வண்டிகளில் இருந்து ஓலைத் தட்டி வழியாகப் பார்ப்பார்கள். சீனித்தாயும் வண்டிக்குள்தான் இருப்பாள். காசிலிங்கம் கிடாவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வாயை மட்டும் திறந்து மூடுவான். குரல் வண்டியிலிருந்து வரும்.

நாற்பத்து மூன்றில் ஒரு கூத்து நடந்தது. காசிலிங்கம் வாய் நிறைய வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு நின்றான். வண்டியிலிருந்து, "கப்பித்தானே ஹோய்" என்று கிளம்பியது. பக்கத்தில் நின்ற தருவைகுளத்துக்காரர் ஒருவர் திடுக்கிட்டுப் போனார்.

"ஏலே, நீ வாயவே தொறக்கலியே! சத்தம் எங்கேருந்துலே வருது?"

காசிலிங்கம் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "வயித்துலேருந்து, அண்ணாச்சி" என்றான். அவர் அவன் வயிற்றை ஒருமுறை பார்த்துவிட்டு இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டார். அந்த வருஷம் எழுபத்திரண்டாவது முட்டில் கப்பித்தான் ஜெயித்தான். பரிசு ஒரு பித்தளை அண்டா. சீனித்தாய் அதில்தான் காணம் ஊறப்போடுகிறாள்.

கிடாச் சண்டையைப் பற்றி அவளிடம் பேச்சுக் கொடுத்தால் அன்றைக்குக் கடை வியாபாரம் நின்றுபோகும். வாய்க்குள்ளே பேசுகிறவள் கையை ஆட்டிப் பேசத் தொடங்கிவிடுவாள். "கெடாவுக்குக் கோவம் கெடையாது. மாடு கோவத்துல முட்டும். கெடா அளந்து பாக்கதுக்கு முட்டும். நீ எம்புட்டு, நா எம்புட்டுன்னு. முட்டி முடிச்சுட்டுப் பாருங்க, ரெண்டும் பக்கத்துல பக்கத்துல நின்னுக்கிட்டு வேற எங்கயோ பாக்கும், ஒண்ணுமே நடக்காத மாதிரி." இதைச் சொல்லும்போது அவளும் வேறெங்கேயோ பார்ப்பாள்.

நான்காவது வருஷம் ஊர்வாய் திறந்தது. கொழும்பில் அய்யாக்குட்டிக்கு ஒரு சிங்களத்தி இருக்கிறாளாம், பிள்ளைகூட இருக்கிறதாம், பார்த்தவர் சொன்னாராம். பார்த்தவரைப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. ஒருநாள் கருப்பட்டி வாங்க வந்த ஒருத்தி மெதுவாகக் கிளறினாள்: "ஏளா, போனவுக இம்புட்டுத் தூரம் போயிட்டாகளே, இனிமே வருவாகன்னு நெனைக்கியா?"

சீனித்தாய் தராசைக் கீழே வைத்தாள். "கெடா பின்னால போவுதுன்னு வையி. ஓடிப்போவுதுன்னா அர்த்தம்? பின்னால போனாத்தான் முன்னால வர முடியும். எம்புட்டுத் தூரம் போவுதோ அம்புட்டு வேகம்" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். வந்தவள் போன பிறகு உள்ளே போய்க் கொஞ்ச நேரம் வெளியே வரவில்லை.

அந்த மாதம்தான் கடைக்கு விளம்பரப் பலகை எழுத எபனேசரைக் கூப்பிட்டாள். கோயில் தேர்ச்சீலை முதல் சோடாக்கடைப் போர்டு வரைக்கும் எழுதுகிறவர் எபனேசர். இரண்டு கிடா முட்டுகிற மாதிரிப் படம் வேண்டுமென்றாள். அவர் ஒரு கிடாவைப் போட்டு முடித்ததும் வந்து பார்த்து, "இது முட்டல, கும்புடுது" என்றாள். நாலு காலும் தரையில் ஊன்றியிருந்தது. "முட்டுத நேரத்துல முன்னங்காலு ரெண்டும் தரையில இருக்காது அண்ணாச்சி. பின்னங்காலுதான் அம்புட்டையும் தாங்கும். தாடை நெஞ்சோட ஒட்டியிருக்கணும். கண்ணு தொறந்திருக்கணும்." எபனேசர் மூன்று தடவை அழித்தார். நான்காவது தடவை கிடா அந்தரத்தில் எழும்பி நின்றது. அவருக்கே பெருமையாக இருந்தது. எதிர்க்கிடாவுக்குச் சாக்கட்டியை எடுத்தபோது அவள் தடுத்துவிட்டாள்.

"போதும், அண்ணாச்சி. அங்கன எடம் விட்டு வையுங்க."

"எதுர ஒண்ணும் இல்லாம இது எதைம்மா முட்டும்?"

"எதுர்க்கெடா எதுன்னு அவுக வந்து சொல்லுவாக."

அந்தப் பலகைதான் இன்றைக்கும் கடைவாசலில் தொங்குகிறது. வலது பக்கம் முழு வேகத்தில் ஒரு கிடா. இடது பக்கம் வெறும் நீல வர்ணம். புதிதாக வருகிறவர்கள் படம் அழிந்துவிட்டது என்று நினைக்கிறார்கள்.

புருஷனிடமிருந்து இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு கடிதம் வரும். சீனித்தாய்க்கு எழுத்துக்கூட்டத் தெரியாது. காசிலிங்கம்தான் உரக்கப் படிப்பான். தம்பி படிப்பான் என்று தெரிந்து அண்ணன் எழுதுகிற கடிதத்தில் பெண்டாட்டிக்கு என்ன இருக்கும்? "இவ்விடம் க்ஷேமம். கப்பித்தான் சௌக்கியமா? இரவில் பனி விழும் இடத்தில் கட்ட வேண்டாம். சரியாகச் சாப்பிடுவதில்லை என்று கேள்விப்பட்டேன். மனசை விட வேண்டாம் என்று சொல்லவும்." கிடா மூன்று வேளையும் மூக்குமுட்டத் தின்றுகொண்டிருந்தது. சரியாகச் சாப்பிடாதது யார் என்று படித்தவனுக்கும் தெரியும், கேட்டவளுக்கும் தெரியும். "இன்னொரு மட்டம் படிங்க, கொழுந்தனாரே" என்பாள். காசிலிங்கம் அந்த இடத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் நிறுத்திப் படிப்பான்.

இந்த வருஷம், நாற்பத்தாறு, கரிநாளுக்குக் கப்பித்தானுக்கு எதிராக வந்தது திருவைகுண்டம் பக்கத்து ஆற்றங்கரைக் கிடா. நெல் தின்று வளர்ந்த கருங்கிடா. முப்பது முட்டு வரைக்கும் ஒரு குறையும் இல்லை. மண் பறந்தது. முப்பத்தோராவது முட்டுக்கு, கூட்டத்தின் இரைச்சலுக்கு மேலே இன்னும் ஏறி, வண்டியிலிருந்து குரல் வந்தது. கப்பித்தான் பின்னால் போகவில்லை. தலையைத் தூக்கி, வண்டி நின்ற திசையைப் பார்த்தான். சீனித்தாய் மறுபடி கூப்பிட்டாள். கிடா காதைத் திருப்பிக் கேட்டது. கேட்டுவிட்டுச் சும்மா நின்றது, ஐந்து வருஷத்துக்கு முன்பு காசிலிங்கம் கத்தியபோது நின்றதுபோலவே. மூன்றாம் தடவை அவள் கூப்பிட்டபோது குரல் உடைந்துவிட்டது. கருங்கிடா வருகிற வேகத்தைக் கண்டு கப்பித்தான் முகத்தைத் திருப்பி ஒதுங்கினான். கூட்டம் ஊளையிட்டது.

திரும்பி வரும்போது காசிலிங்கம் ஆறுதல் சொன்னான். "வயசாயிட்டு, மைனி. ஏழு வயசு ஆட்டுக்குச் சின்ன வயசா?"

ஊர் எல்லை வந்ததும் சீனித்தாய் ஓலைத் தட்டியை விலக்கிப் பின்னால் நடந்து வந்த கிடாவைப் பார்த்தாள். அப்புறம், "வயசு இல்ல. அதுக்குக் கொரலு தெரியல" என்றாள். தட்டியை விட்டுவிட்டு, "எனக்கே தெரியல" என்றாள்.

உண்மை அதுதான். ஐந்து வருஷம் தினம் தினம் கூப்பிட்டு, பொட்டலில் கூட்டத்துக்கு மேலே கேட்கட்டும் என்று நீட்டி, உரத்து, புருஷன் குரல் எது, தான் சேர்த்தது எது என்று பிரிக்க முடியாமல் போய்விட்டது. நினைவில் அவனைக் கூப்பிடச் சொல்லிப் பார்த்தாள். அங்கேயும் தன் குரல்தான் வந்தது. ஒரு மனுஷன் உயிரோடு இருக்கும்போதே அவன் குரலைத் தொலைத்தாயிற்று. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

மறுநாளிலிருந்து அவள் கூப்பிடுவதை விட்டுவிட்டாள். சாயங்காலம் பலகையைச் சாத்துவாள், கொல்லைக்குப் போவாள், துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டு கிடாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். மூன்றாவது வீட்டுக்காரி இரண்டு நாள் உலை வைக்கத் தாமதமாகி, புருஷனிடம் ஏச்சு வாங்கினாள்.

தோற்ற கிடாவை யாரும் வைத்துக்கொள்வதில்லை, குழம்புக்குத்தான் போகும். ஆடுகளைத் தோணியில் ஏற்றி அனுப்புகிற வியாபாரி ஒருவன் கேட்டு வந்தான். "கொழும்புக்குத்தான் போவுது தாயி" என்றான்.

சீனித்தாய் நிமிர்ந்தாள். "உசுரோடயா போவும்?"

"உசுரோடதான் போவும்."

அரை நாள் அவள் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். கிடாவாவது அவுகளைப் பார்க்கட்டுமே என்று ஒரு மனசு. அங்கே இறங்கி ஒரு குரல் கேட்டால் போதுமே அதற்கு. பிறகு, பதில் கேட்டுத் திரும்பி வந்த அவனிடமே, "அங்கன போயி?" என்று கேட்டாள். வியாபாரி சிரித்துக்கொண்டே கழுத்தைத் தடவிக் காட்டினான். அவள் கிடாவின் கயிற்றைப் பிடித்து உள்ளே நடத்திக்கொண்டு போய்விட்டாள்.

பங்குனி வெயிலில் ஒருநாள் மத்தியானம் ஹென்றி தண்டல் வந்தார். தோணிக்குத் தண்டல் என்றால் அவர்தான் அதற்குத் தலைவர்; காற்றும் கடலும் அவர் பொறுப்பு. ஐம்பத்தைந்து வயது, வளைந்த கால்கள், கழுத்தில் கறுத்துப்போன சிலுவை. கையில் ஒரு பொட்டலம். மாசிக் கருவாடு; அய்யாக்குட்டி கொடுத்தனுப்பியது. இதற்கு முன்பு வந்த பொட்டலங்கள் யார் யார் கையிலோ மாறி, கிட்டங்கி வழியாகக் காசிலிங்கத்திடம் வந்து சேரும். அய்யாக்குட்டியோடு இருந்து பேசிவிட்டு நேராக இந்த வாசலுக்கு வந்த முதல் ஆள் இவர்தான்.

"தங்கச்சி, தொண்டை காஞ்சு கெடக்கு. தண்ணி தா."

"குடம் அங்கன இருக்கு, அண்ணாச்சி. மொண்டு குடிங்க."

தண்டல் அவளை ஒரு மாதிரி பார்த்தார். குடத்துப் பக்கம் போகாமல் அங்கேயே சாக்கில் உட்கார்ந்து மேல்துண்டால் விசிறிக்கொண்டார்.

"அவுக நல்லா இருக்காகளா?"

"இருக்காரு. காத்து சரியில்லாம பதினோரு நாளு அங்கன கெடந்தேன். அவரு கடையிலதான் படுக்கை. நல்ல மனுசன். முதலாளிக்குக் காயிதம் போட்டிருக்காராம், ஆள மாத்திவிடுங்கன்னு. ஆனா..." என்று இழுத்தார். "ஒண்ணு சொன்னாத் தப்பா எடுத்துக்கிடப்படாது."

சீனித்தாய் தராசுச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டாள். ஊர் சொன்னதெல்லாம் ஒரே நொடியில் கண்முன் வந்து நின்றது. சிங்களத்தி வந்தாள், பிள்ளை வந்தது. "சொல்லுங்க" என்றாள். அது அவருக்குக் கேட்டிருக்காது.

"மனுசன் தனியா இருந்து இருந்து கொஞ்சம் ஒரு மாதிரி ஆயிட்டாரோன்னு எனக்கு ஒரு இது. சாயங்காலமானா கடையப் பூட்டிக்கிட்டுக் கடக்கரைக்குப் போறாரு. நம்ம தொறை இருக்கப் பக்கமாப் பாத்து நிக்காரு. நின்னுக்கிட்டு ஒரு சத்தம் குடுக்காரு. ஒரே ஒரு மட்டம். குடுத்துட்டுப் பேசாமத் திரும்பி வந்து சோத்தப் பொங்குதாரு. அங்கன உள்ளவுக எல்லாம் சிரிக்காக. யார ஓய் கூப்புடுதீருன்னு கேட்டேன். 'வீட்டுக்குப் போற நேரம்லா'ன்னு மட்டும் சொன்னாரு. ஒரு நாளும் தப்பாது தங்கச்சி. மழையானாலும் போறாரு."

சீனித்தாய் தராசுச் சங்கிலியை விட்டுவிட்டாள்.

"என்ன சத்தம்?" என்றாள்.

"அத எப்படிச் சொல்ல... பதினோரு நாளு கேட்டு எனக்கே பாடமாயிட்டு." ஹென்றி தண்டல் வெட்கப்பட்டுக்கொண்டு எழுந்தார். தெருப்பக்கம் திரும்பி, வாய்க்குப் பக்கத்தில் கையைக் குவித்துக்கொண்டார். நாக்கை இரண்டு தட்டுத் தட்டினார். "கப்பித்தானே... ஹோய்."

கடைசியில் வந்த அந்த "ஹோய்" மேலே ஏறவில்லை. சுமையை இறக்கி வைப்பதுபோலத் தணிந்து இறங்கியது. சீனித்தாய் ஐந்து வருஷமாக அதை மேலே ஏற்றிக்கொண்டே போயிருந்தாள்.

கொல்லைப்புறம் கயிறு இழுபட்டு விறைக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் குளம்புகள் பின்னுக்கு நடந்தன. பனந்துண்டு அதிர்ந்ததில் அலமாரித் தட்டு கிணுகிணுத்தது. "எம்மாடி, என்ன அது?" என்று தண்டல் திரும்பிப் பார்த்தபோது தராசுக்குப் பின்னால் ஆள் இல்லை.

உள்ளேயிருந்து சீனித்தாய் வந்தாள். பித்தளைச் செம்பு நிறையத் தண்ணீர். நடந்த வேகத்தில் அது தளும்பிப் புறங்காலில் விழுந்துகொண்டிருந்தது. தண்டல், "அப்பாடா, இப்பமாவது தரணும்னு தோணிச்சே" என்று கையை நீட்டினார். சீனித்தாய் செம்பைக் கொடுக்கவில்லை. அவர் தோளைத் தாண்டி, யாருமில்லாத தெருமுனையைப் பார்த்துக்கொண்டு, செம்பை இரண்டு கையாலும் ஏந்தியபடி வாசற்படிக்கு வெளியே ஒரு எட்டு எடுத்து வைத்தாள்.